முப்பத்தொரு ஜக்கும் ஒரு பெருவிரலும்

மார்க்கர் பேனாவால் எழுதினது சூளைத் தீயில் நிற்காது. இது எனக்குத் தெரியும், போமாவுக்குத் தெரியும், எங்கள் சூளைக் கொட்டகைக்குப் பக்கத்தில் மேயும் ஆட்டுக்குக்கூடத் தெரியும் என்பேன். முப்பத்தொரு வாத்தியார்களுக்குத்தான் தெரியவில்லை.

நான் என்சியா. குமாசி நகரத்துக்குப் போகிற சாலையில் இருக்கும் இந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மண் மிதிப்பவன், சூளை வைப்பவன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பட்டியலில் என் பேருக்கு எதிரே 'உதவியாளர்' என்று போட்டிருக்கிறார்கள். யாருக்கு உதவி என்று போடவில்லை. வாத்தியார்கள், மாணவர்கள், கேன்டீன்காரி, எல்லாருக்கும் நான் மாமா. லிடியா போமாவுக்கும் அப்படித்தான். அவளை நேரில் நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். எழுதும்போது அவள் என்றே வருகிறது. என் அக்கா மகள் வயதுதான், பொறுத்துக்கொள்வாள்.

மண்பாண்ட வகுப்புக்கு டீச்சராக வந்து சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அப்பா மர லாரி ஓட்டினவர். அம்மா டெச்சிமான் சந்தையில் வள்ளிக்கிழங்கு மொத்தமாக விற்கிறவள், குரல் மூன்று தெரு கேட்குமாம். மகளுக்கு அந்தக் குரல் வரவில்லை. கோபம் வந்தால் பேச்சு நின்றுபோகும், மண்ணை எடுத்துப் பலகையில் அறைய ஆரம்பிப்பாள். சத்தத்தை வைத்தே எவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுவேன். காலில் எப்போதும் ரப்பர் பூட்ஸ். ஸ்டோரில் இருந்ததே ஒரு ஜோடிதான், இரண்டு அளவு பெரியது. அதைப் போட்டுக்கொண்டு டொப் டொப்பென்று நடப்பாள். மத்தியானம் சுட்ட வாழைக்காயும் நிலக்கடலையும்தான் சாப்பாடு, அதுவும் நின்றபடி. கடலைத் தோலை ஊதி ஊதி என் கொட்டகை முழுக்கப் பறக்கவிடுவாள். "மேடம், இது சூளையா, கடலைக் கடையா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது. "பெருக்கிடறேன் மாமா" என்பாள். பெருக்கமாட்டாள்.

அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்திருந்தார்கள். விடுமுறை வகுப்பு எப்படி முடிகிறதோ, அதைப் பார்த்துக் கடிதம் தருவதாக பிரின்சிபால் சொல்லியிருந்தார்.

விடுமுறை வகுப்பு என்பது எட்டு வாரம். சுற்று வட்டாரத்து ஆரம்பப் பள்ளி வாத்தியார்கள் வந்து தங்கிப் படிப்பார்கள். கைவேலைப் பாடத்திலும் பாஸ் பண்ணினால்தான் பதவி உயர்வு. அந்த வருஷம் வந்தது முப்பத்தொரு பேர். போமாவை விட இளையவர் ஒருவர்கூட இல்லை. மூத்தவர் ஜாம்ஃபி, ஐம்பத்தேழு வயது, ஹெட்மாஸ்டர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையை மண் வகுப்புக்கும் போட்டுக்கொண்டு வருவார். பெண்களுக்குத் தலைவி அச்சியா. ஆறு பிள்ளை பெற்றவள், ஐந்தாம் வகுப்பு டீச்சர். அவள் சிரித்தால் எல்லாரும் சிரிப்பார்கள், அவள் முகத்தைச் சுளித்தால் வகுப்பே சுளிக்கும்.

இவர்கள் எல்லாரும் வாழ்நாள் முழுக்க 'போர்டில் இருக்கிறதைப் பார்த்து எழுது' என்று சொல்லிச் சொல்லியே பழகினவர்கள். போமா முதல் நாள் ஒரு ஜக் செய்து காட்டினாள். நல்ல ஜக், குறை சொல்லக்கூடாது. வயிறு கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும், கழுத்தில் மூன்று கோடு. கைப்பிடி காது மாதிரி வளைந்து இறங்கி, ஒட்டுகிற இடத்தில் பெருவிரலால் ஓர் அமுக்கு, அவ்வளவுதான். "இது சும்மா ஒரு உதாரணம். நீங்க உங்களுக்குத் தோணறபடி செய்யுங்க" என்றாள்.

ஜாம்ஃபி சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

"இருபத்து மூணு சென்டிமீட்டர்" என்றார். முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். கழுத்துக் கோட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஒருவர் கேட்டார். பெருவிரல் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அச்சியா கேட்டாள். போமா சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்போதே நாங்கள் சிரித்திருக்கக் கூடாது.

ஐந்து வாரம் கழித்து முப்பத்தொரு ஜக் காய்ந்து நின்றது. போமா ஊசிகளைக் கொடுத்து, "அடியில உங்க பேரைக் கீறிடுங்க. நான் பிரின்சிபாலைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போனாள். நான் அன்றைக்கு ஊரில் இல்லை. சித்தப்பா சாவு, சனிக்கிழமை சடங்கு, போகாவிட்டால் என் வம்சமே என்னைத் தின்றுவிடும். அதனால் அடுத்து நடந்தது எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும்.

அச்சியா ஊசியைக் கீழே வைத்துவிட்டாளாம்.

"உசுரோட இருக்கறவ பேரை மண்ணுல கீறித் தீயில போடறதா? எங்க வீட்டுல செத்தவங்களுக்குத்தான் பேர் வெச்ச பானை. எங்கம்மா கேட்டா என் தோலை உரிச்சுடுவா."

"இதெல்லாம் மூடநம்பிக்கை அம்மா. நான் மெதடிஸ்ட் சர்ச்காரன்" என்றாராம் ஜாம்ஃபி.

"அப்ப நீங்க கீறுங்க சார். மொதல்ல உங்க பேரைக் கீறுங்க. நாங்க பாக்கறோம்."

ஜாம்ஃபி ஊசியைக் கையில் எடுத்தார், பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நம்புகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. எதுக்கு வம்பு என்று எல்லாரும் சொன்னார்கள். கடைசியில் ஹெட்மாஸ்டர் மூளை வேலை செய்தது. வருகைப் பதிவேட்டுக்கு வைத்திருந்த மார்க்கர் பேனாவை எடுத்தார். கீறினால்தானே வம்பு, எழுதினால் என்ன? முப்பத்தொரு பேரும் அடியில் அழகாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, மாமாவுக்கு உதவி என்று தாங்களே சூளையில் அடுக்கியும் வைத்துவிட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன். பரவாயில்லையே, பொறுப்பாக அடுக்கியிருக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டே சூளை வாயை அடைத்தேன், திங்கட்கிழமை காலையில் தீ வைத்தேன். போமாவோ நானோ ஒரு ஜக்கைத் தூக்கி அடியைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வியாழக்கிழமை சூளையைப் பிரித்தோம். ஒன்றுகூட உடையவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். ஜாம்ஃபி ஒரு ஜக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். அடுத்ததைக் கவிழ்த்தார். அப்புறம் எல்லாரும் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். முப்பத்தொரு சிவந்த அடி, குளிப்பாட்டின குழந்தை மாதிரி சுத்தமாக. ஓர் எழுத்து இல்லை.

"பேர் எங்க போச்சு?" என்றார் ஒருவர்.

"புகைபோக்கி வழியா" என்றேன் நான்.

போமா அமைதியாகத்தான் இருந்தாள். "சரி, பேர் போனா போகட்டும். அவங்கவங்க செஞ்சதை எடுத்துக்குங்க" என்றாள்.

யாரும் எடுக்கவில்லை. ஒருவர் ஒன்றைத் தூக்குவார், பக்கத்து ஜக்கைப் பார்ப்பார், கீழே வைப்பார். அச்சியாவுக்கு ஒரு யோசனை வந்தது. பெருவிரல் பள்ளம் இருக்கிறதே, விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே! நல்ல வேடிக்கை. படித்த வாத்தியார்கள் முப்பத்தொரு பேர் வரிசையாக ஜக்கு ஜக்காகப் போய்ப் பெருவிரலை அமுக்கிப் பார்த்தார்கள். ஜாம்ஃபியின் விரல் பதினொரு ஜக்கில் சரியாக உட்கார்ந்தது. அச்சியாவின் விரல் பதினாலில். என் விரலையும் வைத்துப் பார்த்தேன். எனக்கும் நாலு ஜக் சொந்தம்.

அரை மணி நேரம் போனபிறகு ஜாம்ஃபிதான் அதைச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"மேடம், எதுக்கு இவ்வளவு சிரமம்? எல்லாமே உங்க ஜக்குதானே. யார் எதை எடுத்தா என்ன? ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க, பேரை ஒட்டிடலாம்."

போமா மண் பலகைக்குப் போனாள். அப்படி ஓர் அறைச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஹெட்மாஸ்டர் சொல்றதுல தப்பில்ல மேடம்" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். மார்க் போட பதினெட்டு நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து வரப்போகிறவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். போமாவுக்குப் பாடம் சொன்ன அதே புரபசர்.

"மாமா, இந்த ஜக்கு யாருதுன்னு தெரியுமா?"

"அதான் தெரியலையே."

"அதைக் கேக்கல. நான் செஞ்சு காட்டினேனே, அது." கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கழுத்துக் கோடு, அந்தக் காது, அந்தப் பெருவிரல், எல்லாம் புரபசரோடது. நாலு வருஷம் அவர் பக்கத்துல உக்காந்து செஞ்சேன். பாஸ் பண்ணி வெளிய வந்து ஆறு வருஷம் ஆச்சு. கையை மண்ணுல வெச்சா இன்னும் அதுதான் வருது. இவங்க என்னைப் பாத்துக் காப்பியடிச்சாங்க. நான் அவரைப் பாத்து. இதுல போய் உங்களுக்குத் தோணறதைச் செய்யுங்கன்னு சொன்னேன் பாருங்க. எனக்கே வெக்கமா இருக்கு மாமா."

"வெக்கம் எதுக்கு? அவர் ஜக்கை அவர்கிட்டயே காட்டினா உச்சி குளுந்து போவாரு. எண்பது மார்க் போடுவாரு. முப்பத்தொரு பேரும் பாஸ். உங்களுக்கும் கடிதம் வந்துடும்."

"ஆமா மாமா. அதான் பயமா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை அந்த முப்பத்தொரு ஜக்கையும் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டாள். கேன்டீன்காரிக்கு வாயெல்லாம் பல். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறதென்றால் இதுதான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வகுப்பில் எல்லாரும் கைகட்டி நின்றார்கள். போமா சொன்னது இவ்வளவுதான்:

"உங்க வீட்டுல எந்தச் சாமானுக்கு இருக்க இடம் இல்லையோ, அதுக்கு ஒரு பாண்டம் செய்யுங்க. நான் செஞ்சு காட்டமாட்டேன். தொடமாட்டேன். பேரும் எழுத வேண்டாம்."

அச்சியாவுக்குக் கடைசி வார்த்தை பிடித்திருந்தது. மற்றவர்களுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"அளவு?" என்றார் ஜாம்ஃபி.

"உங்க சாமானோட அளவு சார்."

"என் வீட்டுல எல்லாத்துக்கும் இடம் இருக்கு மேடம்."

"அப்ப உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "பதினேழு நாள்ல இதை நாங்க முடிக்கலன்னா பதவி உயர்வு போச்சு. என் ரிட்டையர்மென்டுக்கு முன்னால எனக்கு இது கடைசி வாய்ப்பு. உங்களுக்கு வயசு இருக்கு மேடம், நீங்க விளையாடலாம்."

"எனக்கும் வேலை போகும் சார்" என்றாள் போமா. "விளையாடல."

அவர்கள் பிரின்சிபாலிடம் போனார்கள். பிரின்சிபால் போமாவைக் கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது, என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது, "என் பொறுப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன் மாமா" என்றாள். பூட்ஸ் சத்தம் வழக்கம்போலத்தான் இருந்தது. முகம்தான் வெளுத்திருந்தது.

முதல் மூன்று நாள் ஒரு வேலையும் நடக்கவில்லை. வாத்தியார்கள் மண்ணை உருட்டினார்கள், தட்டினார்கள், போமாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைக்கு மேசை நடந்தாள். "இது சரியா மேடம்?" என்று கேட்டால், "உள்ள என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். ஒருவருடைய பானைச் சுவர் அவள் கண்ணுக்கு முன்னாலேயே இடிந்து விழுந்தது. பின்னால் கட்டியிருந்த கையின் விரல்கள் துடித்ததை நான் பார்த்தேன். கையை அவிழ்க்கவில்லை.

நாலாம் நாள் ஜாம்ஃபி வேகமாக ஏதோ செய்துகொண்டிருந்தார், பரீட்சையில் பதில் தெரிந்துவிட்ட பையன் மாதிரி. நான் எட்டிப் பார்த்தேன். ஜக். சாய்ந்த வயிறு, மூன்று கோடு, காது. பெருவிரலைக் கொண்டுபோய் அமுக்குகிற நேரத்தில்தான் அவருக்கே தெரிந்தது. விரலை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, நான் இதைச் செய்யணும்னு நெனைக்கவே இல்ல" என்றார் என்னிடம், மெல்ல. "கை அதுவா செஞ்சுடுச்சு."

பாவமாக இருந்தது. "மேடத்துக்கும் அதே நோய்தான் சார்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அதைக் கேட்டபிறகுதான் அவர் அந்த ஜக்கைப் பிசைந்து உருட்டினார்.

அச்சியாவின் கோழி அவள் துணிப்பெட்டியில் மட்டும்தான் முட்டையிடுமாம். அதற்காக ஒரு பானை செய்தாள், படுத்தவாக்கில், வாய் பக்கவாட்டில். அதைப் பார்த்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம்தான் கொட்டகை கலகலத்தது. மாமனாரின் பல்செட்டுக்கு ஒருவர் செய்தார், மேல் வரிசைக்கு ஒரு அறை, கீழ் வரிசைக்கு ஒரு அறை. இன்னொரு டீச்சர் கீரை அலச அடியெல்லாம் துளை போட்டாள். ஜாம்ஃபிக்கு வீட்டில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது, பள்ளிக்கூடத்தில்தான் இல்லை. லாரிச் சக்கர வளையம்தான் அவர் பள்ளி மணி. அதை அடிக்கிற இரும்புத் துண்டை வாரத்துக்கு ஒரு தடவை எவனாவது திருடிவிடுவான். அதற்காக ஒரு பாண்டம் எழுந்தது. நீளமாக, கோணலாக, முழங்கை வரை விட்டுத் துழாவினால்தான் எட்டுகிற கழுத்தோடு. மூன்று தடவை விழுந்தது. நாலாவது தடவை நின்றது. அவலட்சணம் என்றால் அப்படி ஒரு அவலட்சணம். அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆகஸ்ட் மாதம், மேகமூட்டம், பானை காய மறுத்தது. எல்லாவற்றையும் தூக்கிக் கேன்டீன் அடுப்பங்கரையில் அடுக்கினோம். கேன்டீன்காரி, "சூப்புல மண்ணு விழுந்தா என்னைக் கேக்கக் கூடாது" என்று கத்தினாள். இரண்டு நாள் மண் விழுந்தது, யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் போனபிறகு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் போமா தனியாகத் தன் பலகையில் உட்காருவாள். செய்வாள், பார்ப்பாள், அறைந்து உருட்டுவாள். நாலு நாள் இது நடந்தது. அப்புறம் ஒரு நாள் அறைகிற சத்தம் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. சில காரியங்களைப் பார்க்காமல் இருக்கிறதும் உதவியாளர் வேலைதான்.

புரபசர் வந்த அன்று காலை சூளை திறந்தோம். இரண்டு உடைசல், ஓரம்தான். எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பினோம். புரபசர் நல்ல உயரம், வெள்ளைத் தாடி, கையில் மார்க் பட்டியல். பிரின்சிபால் பின்னாலேயே வந்தார். புரபசர் ஒன்றைக் கவிழ்த்தார், இன்னொன்றைக் கவிழ்த்தார்.

"பேர் எங்கே லிடியா? பேர் இல்லாம நான் எப்படி மார்க் போடறது?"

பிரின்சிபால் போமாவைப் பார்த்த பார்வையில் கடிதம் கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அவங்களே எடுத்துக்குவாங்க சார்" என்றாள் போமா.

ஒருவர் தடுமாறினால் போதும், இரண்டு பேர் ஒரே பானையில் கை வைத்தால் போதும், அவள் கதை முடிந்தது. அச்சியா முதலில் போனாள், நேராக. "என் கோழி" என்று இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் யாரும் வரிசையில் நிற்கவில்லை. சந்தையில் தொலைத்த பிள்ளையைக் கண்டுபிடித்த மாதிரி அவரவர் அவரவரிடம் போனார்கள். ஜாம்ஃபி கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அடியைத் தாங்கித் தூக்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

தரையில் ஒன்று மிச்சம் இருந்தது.

தாழ்வான பாண்டம், ஒட்டிப் பிறந்த இரண்டு வயிறு, இரண்டு வாய். கைப்பிடி இல்லை. முப்பத்தொரு பேர் கையிலும் முப்பத்தொன்று இருந்தது.

"இது யாருது?" என்றார் ஜாம்ஃபி. யாருக்கும் தெரியவில்லை.

போமா பூட்ஸோடு போய்க் குனிந்து எடுத்தாள். "என்னுது" என்றாள். "இதுல கடலை. இதுல தோலு."

"உங்க ஜக்கு மாதிரியே இல்லையே மேடம்!" என்றார் ஜாம்ஃபி.

"இல்லதான் சார்" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். ஒத்துக்கொள்வதில் என்ன?

புரபசர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கைப்பிடி எங்கே?"

"கடலைக்குக் கைப்பிடி எதுக்கு சார்?"

அவர் சிரிக்கவில்லை. மார்க் போட்டார். ஜாம்ஃபிக்கு ஐம்பத்து நாலு, அச்சியாவுக்கு அறுபத்தொன்று. நாலு பேர் ஃபெயில். அந்த ஜக்கைக் காட்டியிருந்தால் எண்பது வந்திருக்கும் என்று அந்த நாலு பேரும் போமாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். அடுத்த விடுமுறையில் வந்து மறுபடி எழுதலாம், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஒருத்தி, "நீங்க இருப்பீங்களா மொதல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கேன்டீனில் புரபசருக்குக் கிழங்கை இடித்த ஃபுஃபுக் களியும் ஆட்டுக்கறி சூப்பும் வைத்தார்கள். பக்கத்து மேசையில் ஜாம்ஃபி. கேன்டீன்காரி தண்ணீர் ஊற்ற வந்தாள். புரபசர் அவள் கையிலிருந்த ஜக்கைப் பார்த்ததும் சாப்பாட்டை விட்டுவிட்டு வாங்கினார். முகம் மலர்ந்தது.

"இது இங்க எப்படி வந்தது? இது என் ஜக்கு!" கைப்பிடிக்கு அடியில் பெருவிரலை வைத்தார். சரியாக உட்கார்ந்தது. "இதோ பாருங்க, என் விரல். எப்பச் செஞ்சதுன்னு ஞாபகம் இல்ல. ஆனா என் கை எனக்குத் தெரியாதா?"

கேன்டீன்காரி வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன். ஜாம்ஃபி கையில் எடுத்த ஃபுஃபு உருண்டை அப்படியே நின்றது. அவர் அந்த ஜக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் செய்ததாகக்கூட இருக்கலாம், பதினொன்றில் ஒன்று. இருக்கலாம் என்பதற்கு மேல் யாரால் என்ன சொல்ல முடியும்?

"எடுத்துட்டுப் போங்க சார்" என்றாள் போமா. "உங்களுதுதானே."

செய்தித்தாளில் சுற்றி அவளே கார் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள்.

"பத்து வருஷம் என் கையிலயே உக்காந்திருந்தது மாமா. இன்னிக்குத்தான் உரியவர் வந்து எடுத்துட்டுப் போனாரு."

"கேன்டீன்ல இன்னும் முப்பது இருக்கு" என்றேன்.

"அதுல தண்ணி குடிக்கலாம்."

பிரின்சிபால் கடிதம் சாயங்காலம் வந்தது. வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. இன்னும் ஒரு வருஷம் பார்க்கிறார்களாம். கடிதத்தை மடித்துக் கடலைத் தோல் போடுகிற வயிற்றுக்குள் செருகி வைத்தாள். தோல் மட்டும் இன்றைக்கும் என் கொட்டகையில்தான் பறக்கிறது.

மறுநாள் காலை வாத்தியார்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். வாசலில் வேன் நின்றது. தொப்பைக் கண்டக்டர் ஒருவன் மூட்டை முடிச்சுகளை வாங்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மூட்டையிலும் மார்க்கர் பேனாவால் பேர் எழுதித்தான் ஏற்றுவான், மாறிப்போனால் சண்டை வரும் என்று. ஜாம்ஃபி முந்தின நாளிலிருந்து போமாவோடு பேசவில்லை. ஐம்பத்து நாலு மார்க் கோபம். கோணல் பாண்டத்தை அணைத்தபடி எங்களைத் தாண்டிப் போனார்.

"குடுங்க பெரியவரே, மேல போட்டுடறேன். பேர் சொல்லுங்க" என்று கண்டக்டர் பேனா மூடியைக் கழற்றினான்.

"வேண்டாம். மடியில வெச்சுக்கறேன்."

"வழி முழுக்க மடியிலயே வெச்சுக்குவீங்களா? ஒரு எடத்துல எறங்கி வண்டி மாறணும். எவனாவது தூக்கிட்டுப் போனா? பேராவது எழுதிக்கலாமே. அப்புறம் எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

ஜாம்ஃபி படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். திரும்பினார். கண்டக்டரைப் பார்க்கவில்லை, போமாவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

வேன் போனது. போமா பூட்ஸ் டொப் டொப்பென்று கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

"மாமா, மண்ணு ஊறப் போடுங்க" என்றாள்.